அரண்மனைக்காரன் தெருவில் ஆர்மீனியர் கோயில்: ஞாயிற்றுக்கிழமை நடைக்குப் போய்வந்த அனுபவம்

நான் இருபத்திரண்டு வருடம் பாரிமுனையில் அச்சுக் கோத்தவன். தம்பு செட்டித் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் பிரஸ். 1977-ல் வேலைக்குச் சேர்ந்தேன். பில் புக், லெட்டர் பேட், கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், எல்லாம் கையால் ஒவ்வொரு எழுத்தாக அடுக்கிய காலம். சுற்றுவட்டாரத்துக் கடைக்காரர்கள்தான் எங்களுக்கு வாடிக்கை. அதனால் ஒரு நாளில் இரண்டு மூன்று தடவையாவது ‘அரண்மனைக்காரன் தெரு, சென்னை-1’ என்று, எழுத்துக் கோக்கக் கையில் பிடிக்கிற ஸ்டிக்கில் அடுக்கியிருப்பேன். அங்கே எந்தக் காலத்திலோ ஒரு நவாபோ ஜமீன்தாரோ அரண்மனை கட்டி வாழ்ந்திருப்பார், அவர் பெயரில் தெரு இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். எந்த அரண்மனை, எங்கே போயிற்று என்று யாரையும் கேட்டதில்லை.

போன மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னக் குழு நடத்துகிற நடைப் பயணத்துக்கு என் மகள் எனக்குச் சீட்டுப் போட்டாள். தலைக்கு 450 ரூபாய். காலை எட்டு மணிக்குப் பாரிமுனையில் சேர்ந்து, பத்தரை மணிவரை அரண்மனைக்காரன் தெருவையும் அதில் இருக்கும் ஆர்மீனியர் கோயில் என்கிற பழைய தேவாலயத்தையும் நின்று நிதானமாகப் பார்க்கிற ஏற்பாடு. மற்ற ஞாயிறுகளில் ஆங்கிலத்தில் நடத்துகிறார்கள். முதல் ஞாயிறு மட்டும் தமிழில். இதைப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது, கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து பஸ்ஸில் ஏழே முக்காலுக்கே போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலைப் பாரிமுனையை அவ்வளவு வெறிச்சென்று பார்த்து எத்தனையோ வருடம் ஆகிறது. மீன்பாடி வண்டி இல்லை, மூட்டை தூக்குபவர்கள் இல்லை, ஷட்டர் எல்லாம் கீழே. மேலே நிமிர்ந்து பார்த்தால்தான் தெரிகிறது, ஃபிளெக்ஸ் போர்டுகளுக்கு மேலே எவ்வளவு பழைய சன்னல்கள், எவ்வளவு சுதை வேலை என்று. வார நாட்களில் இந்தத் தெருக்களில் யாரும் நிமிர முடியாது. நிமிர்ந்தால் தள்ளுவண்டி காலில் ஏறிவிடும்.

மொத்தம் பன்னிரண்டு பேர் வந்திருந்தோம். வழிகாட்டி ஒரு இளம் பெண், கட்டடக்கலை படித்தவர், பழைய கட்டடங்களைச் சீர்செய்கிற வேலையில் இருப்பவர். “சார், ரொம்ப நேரம் நிற்க முடியலைன்னா சொல்லுங்க, நிழல் இருக்கிற இடமாப் பார்த்து நிறுத்தறேன்” என்று என்னிடம் முதலிலேயே சொன்னார். கடைசிவரை அந்தச் சொல்லைக் காப்பாற்றினார்.

தெருமுனையில் நின்று அவர் கேட்ட முதல் கேள்வியே தெருப் பெயர்தான். “இந்தத் தெருவுக்கு ஏன் அரண்மனைக்காரன் தெருன்னு பேரு?” நான் நினைத்ததையேதான் நாலு பேர் சொன்னார்கள். அவர் சிரித்துக்கொண்டே, “இங்கே அரண்மனையே இருந்ததில்லை. ஆர்மீனியர்கள் இருந்தாங்க. ஆர்மேனியன், ஆர்மேனியக்காரன்னு சொல்லிச் சொல்லி வாயில் தேய்ஞ்சு அரண்மனைக்காரன் ஆயிடுச்சு” என்றார். எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. ஆயிரக்கணக்கான தடவை என் விரல் அடுக்கிய வார்த்தை. அதற்குள் ஒரு தூர தேசத்து ஜனத்தின் பெயர் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. தெரியாத பெயரைக் காது தெரிந்த பெயராக மாற்றிக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு விஷயத்துக்கே 450 ரூபாய் தகும் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

அதே தெருவில் முதலில் அந்தோணியார் கோயில் வாசலில் நிறுத்தினார். மரியன்னை இணைப் பேராலயம் என்பது முறையான பெயர். ஆனால் வடசென்னையில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டோம், செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயில் என்றால்தான் தெரியும். என் மனைவி பல வருடமாகச் செவ்வாய் தவறாமல் மெழுகுவர்த்தி ஏற்றப் போகிறவள். நெற்றியில் குங்குமத்தோடு போகிற பெண்களை அங்கே நிறையப் பார்க்கலாம். கப்புச்சின் என்ற கத்தோலிக்கப் பிரிவின் துறவிகள் தொடங்கிய சபை அது, 1642-ல் வந்த பிரெஞ்சுத் துறவி எஃப்ரேம் வரை அதன் கதை போகிறது. வழிகாட்டி இங்கே அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே பூசை நடந்துகொண்டிருந்தது, தொந்தரவு செய்யக் கூடாது என்று நகர்த்திவிட்டார். அது சரியான முடிவு.

அப்புறம் கொஞ்ச தூரத்திலேயே ஆர்மீனியர் கோயிலின் கதவு. கனமான மரக்கதவு. இருபத்திரண்டு வருடம் அதைத் தாண்டித்தான் பேப்பர் கட்டு வாங்கப் போயிருக்கிறேன். வாசலில் 1712 என்று ஆண்டு போட்டிருக்கும். அந்த எண்ணை எப்போதும் பார்ப்பேன், உள்ளே போனதில்லை. நம்முடைய இடம் இல்லை, யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று ஒரு தயக்கம். என்னைப் போல எத்தனை பேர் அந்த வாசலை அப்படியே கடந்து போயிருப்பார்கள்!

உள்ளே கால் வைத்ததும் தெருச் சத்தம் பாதியாகக் குறைகிறது. சுவர்களின் கனம் அப்படி. தரையில் பாதிக்குக் கல்லறைக் கற்கள். படுக்கை வாட்டில் பதித்த கற்கள், வரிசை வரிசையாக, நாம் நடக்கிற மட்டத்திலேயே. கோயிலுக்கு உள்ளும் வெளியுமாகச் சுமார் 350 ஆர்மீனியர்கள் இங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். வழிகாட்டி ஓரமாக நடக்கச் சொன்னார். எங்களோடு வந்த ஒரு பையன், ஏழெட்டு வயது இருக்கும், யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

முதலில் அந்த 1712 கணக்கைத் தெளிவுபடுத்தினார். வாசலில் போட்டிருப்பது இந்தக் கட்டடத்தின் வயது இல்லை. ஆர்மீனியர்கள் சென்னையில் முதலில் கட்டிய கோயிலின் வயது. அது இருந்த இடம் இப்போது உயர்நீதிமன்றம் இருக்கும் பக்கம், கோட்டையை ஒட்டி நம் ஜனங்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரத்தில். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள், 1749-ல் ஒப்பந்தப்படி ஆங்கிலேயர் கைக்குத் திரும்ப வந்தது. அந்தச் சண்டையிலும், இனி கோட்டைப் பக்கத்தில் எதிரி ஒளிந்துகொள்ள வீடே இருக்கக் கூடாது என்று ஆங்கிலேயர் சுற்றிலும் வெட்டவெளியாக்கியதிலும் பழைய ஊர் போயிற்று. ஆர்மீனியர்கள் வடக்கே தள்ளிவந்து, தங்கள் வணிகர் ஒருவருடைய குடும்ப அடக்கத் தோட்டமும் சிறு கோயிலும் இருந்த இந்த நிலத்தில் 1772-ல் இப்போதுள்ள கோயிலைக் கட்டினார்கள். ஆக கல்லறை முதலில், கோயில் பிறகு. இதைக் கேட்டபின் முற்றத்தைப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. கோயிலைச் சுற்றிக் கல்லறை வந்ததாக நினைத்தேன், கல்லறைக்கு நடுவே கோயில் வந்திருக்கிறது.

இவர்கள் யார், ஏன் இங்கே வந்தார்கள் என்பதை அவர் சொன்ன விதம் நன்றாக இருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், ஆர்மீனியாவின் ஜூல்ஃபா ஊரையே பெயர்த்து இஸ்ஃபகானுக்குப் பக்கத்தில் குடிவைத்தார். அங்கிருந்து பட்டும் ரத்தினமும் வியாபாரம் செய்து பரவியவர்களில் ஒரு பிரிவுதான் சென்னைக்கு வந்தது. கிழக்கிந்திய கம்பெனியோடு 1688-ல் இவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை: கம்பெனியின் ஊர்களில் எங்கே நாற்பதோ அதற்கு மேலோ ஆர்மீனியர்கள் குடியேறுகிறார்களோ அங்கே அவர்களுக்குக் கம்பெனி செலவில் ஒரு கோயில் கட்டித்தர வேண்டும், பாதிரியாருக்கு ஏழு வருடத்துக்கு ஆண்டுக்கு ஐம்பது பவுண்டு தர வேண்டும். முதலில் மரத்தால் கட்டலாம், பிறகு அவர்களே கல்லால் கட்டிக்கொள்ளலாம். வியாபாரத்துக்கு வந்த இடத்தில் முதலில் கும்பிட ஒரு இடம் கேட்டிருக்கிறார்கள்.

சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-ல் முதல் பாலம் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனியர். இப்போது மறைமலையடிகள் பாலம் இருக்கிற இடம். பரங்கிமலைக்குப் படிக்கட்டுப் போட்டவரும் அவர்தான். அவர் கல்லறை இந்தக் கோயிலில் இல்லை, வேப்பேரியில் இருக்கிறது. பாலத்தைக் கடந்து கிண்டிக்குப் போகிறவர்கள் ஒரு நொடி அவரை நினைக்கலாம்.

கட்டடத்துக்கு வருகிறேன். ஆர்மீனியாவில் கோயில்கள் முழுக்கக் கல்லால் ஆனவை, நடுவில் கூம்பு போலக் கூரை எழும்பும் என்று வழிகாட்டி அட்டையில் படம் காட்டினார். இங்கே அது இல்லை. நம்மூர்ச் செங்கல், நம்மூர்ச் சுண்ணாம்பு, நம்மூர்க் கொத்தனார் கை. வெள்ளையடித்த கனத்த சுவர், வளைவுகள், உயரமான கூடம். ஆனால் உள்ளே நுழைந்தால் பீடம் மட்டும் அவர்கள் மரபுப்படி தரையிலிருந்து மேடை போல உயர்ந்து நிற்கிறது. திருவிருந்தை எல்லாருக்கும் தெரியும்படி மேடைமேல் வைப்பதும், தவக்காலத்தில் அதைத் திரை போட்டு மறைப்பதும் ஆர்மீனியச் சபையின் வழக்கமாம். உடம்பு மெட்ராஸ், நெஞ்சு ஆர்மீனியா என்று என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது.

சுண்ணாம்பைப் பற்றி வழிகாட்டி பேசிய கால்மணி நேரம் இந்த நடையிலேயே மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று. பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். கிளிஞ்சல் துண்டு, சுட்ட சுண்ணாம்புக் கட்டி, கடுக்காய், கொஞ்சம் வெல்லம். கடலோரத்தில் கிடைக்கிற கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசுகிற பூச்சு. மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்குவார்கள். வெளியூர்க்காரர்கள் இதைப் பளிங்கு என்று நினைத்து ஏமாந்திருக்கிறார்கள். எங்களை ஒவ்வொருவராகச் சுவரில் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். காலை ஒன்பது மணி வெயிலிலும் சுவர் குளிர்ந்திருந்தது.

“சுண்ணாம்பு சுவர் மூச்சு விடும் சார். ஈரத்தை உள்ளே வாங்கினாலும் வெளியே விட்டுடும். துறைமுகக் காத்து பூரா உப்பு. இதுமேல சிமென்ட் பூசினா ஈரமும் உப்பும் உள்ளேயே மாட்டிக்கிட்டு, கொஞ்ச வருஷத்துல பூச்சு செங்கல்லையும் பிய்ச்சுக்கிட்டு விழும்.” இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் பிரஸ் இருந்த கட்டடம் ஞாபகம் வந்தது. அதுவும் பழைய சுண்ணாம்புக் கட்டடம். மழைக்குச் சுவர் ஊறுகிறது என்று ஒரு வருடம் சிமென்ட் பூசினார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் பலகை பலகையாகக் கழன்று, எழுத்துகளைப் போட்டுவைக்கிற டைப் கேஸ் மேலேயே விழுந்தது. கொத்தனார் சரியில்லை என்று அன்றைக்கு எல்லாரும் அவரைத் திட்டினோம். அந்த மனுஷன் மேல் தவறு இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

இனி எழுத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

கல்லறைக் கற்களில் இருப்பது ஆர்மீனிய எழுத்து. நமக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் எழுத்தை அடுக்கியவனுக்குப் படிக்கத் தெரியாத எழுத்தும் ஏதோ சொல்லும். ஒரு கல்லின் முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். வரியின் தொடக்கத்தில் எழுத்துகள் தாராளமாக நிற்கின்றன, வரி முடிவில் நெருங்குகின்றன, ஒரு எழுத்து இன்னொன்றின் வயிற்றுக்குள் புகுந்து நிற்கிறது. அளவு போதாமல் போன சங்கடம் அது. எனக்கு அந்தச் சங்கடம் நன்றாகத் தெரியும். கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயர் நீளமாக இருந்தால் ஸ்பேஸை எல்லாம் மெலிசாக மாற்றி மாற்றிப் போட்டு வரியை அடைப்போம். நாங்கள் ஈய எழுத்தைக் கலைத்து மறுபடி அடுக்கலாம். உளி வைத்தவனுக்கு அந்த வசதி இல்லை. அவன் பாதிக் கல்லில் நின்று, மீதி இடத்தைக் கண்ணால் அளந்து, ஒரு எழுத்தை இன்னொன்றுக்குள் வைத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறான். விரலை அந்தப் பள்ளத்தில் ஓட்டிப் பார்த்தேன். வெட்டின ஓரம் தேய்ந்து மழமழவென்று இருந்தது, ஆழம் மட்டும் அப்படியே இருந்தது.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டதைப் பார்த்து வழிகாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “நீங்க என்ன வேலை பார்த்தீங்க சார்?” என்றார். கம்பாசிட்டர் என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் எனக்காகவே சொன்ன மாதிரி இருந்தது. ஆர்மீனிய எழுத்தை உருவாக்கியவர் மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் என்ற துறவி, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். முதலில் 36 எழுத்து. எழுத்தே எண்ணாகவும் இருக்கும். முதல் ஒன்பது எழுத்து ஒன்றிலிருந்து ஒன்பது வரை, அடுத்த ஒன்பது பத்திலிருந்து தொண்ணூறு, அதற்கடுத்த ஒன்பது நூறுகள், கடைசி ஒன்பது ஆயிரங்கள். பழைய ஆர்மீனியக் கல்வெட்டுகளில் ஆண்டை இப்படி எழுத்தால்தான் குறிப்பார்கள். அவர்களுடைய ஆண்டுக் கணக்கு 552-ல் தொடங்குகிறது. ஆகையால் கல்லில் வருகிற எண்ணோடு 551-ஐக் கூட்ட வேண்டும். 1214 என்று இருந்தால் அது நம் கணக்கில் 1765.

“நம்மகிட்டேயும் அப்படித்தானேம்மா” என்றேன். எங்கள் பிரஸ்ஸில் பழைய கேஸ் ஒன்றில் தமிழ் எண்கள் இருந்தன. க ஒன்று, உ இரண்டு, ச நாலு, எ ஏழு, அ எட்டு. எண் கேஸில் ஏழு தீர்ந்துபோனால் எழுத்துக் கேஸிலிருந்து எ-வை எடுத்துப் போட்டுவிடலாம் என்று எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த பெரியவர் சொல்வார். வழிகாட்டி அந்த இடத்திலேயே நோட்டில் குறித்துக்கொண்டார். அடுத்த மாதத்திலிருந்து இதையும் சேர்த்துச் சொல்கிறேன் என்றார்.

பிறகு எங்களை ஒரு கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அருள்தந்தை ஹரூத்யூன் ஷ்மாவோன்யான். பாரசீகத்தின் ஷிராஸ் நகரத்தில் பிறந்தவர். இரண்டு மகன்கள் ஒரே வாரத்தில் இறந்துபோக, உலக வாழ்க்கையை விட்டு ஒதுங்கி ஏழு வருடம் தனிமையில் பாரசீக மொழி படித்தவர். அதன்பின் மெட்ராஸுக்குப் பாதிரியாராக வந்தார். இங்கே ஒரு அச்சகம் வைத்தார். 1794 அக்டோபரில் ‘அஸ்தரார்’ என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். பதினெட்டு இதழ் வந்தது. உலகத்திலேயே ஆர்மீனிய மொழியில் வந்த முதல் பத்திரிகை அதுதான். ஆர்மீனியாவில் இல்லை, இஸ்ஃபகானில் இல்லை. இங்கே, நம் ஜார்ஜ் டவுனில். 1824-ல் காலமானார், அவர் பாதிரியாராக இருந்த இந்தக் கோயிலிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இந்த ஊரில் ஆர்மீனிய அச்சு அவரோடு தொடங்கவில்லை. அவருக்கு முன்பே 1772-ல் ஷாஹமிர் ஷாஹமிரியான் என்ற வணிகர் மெட்ராஸில் ஆர்மீனிய அச்சகம் நடத்திக்கொண்டிருந்தார். அதாவது இந்தக் கோயில் எழும்பிய அதே வருடம். எனக்குத் தெரிந்த தொழில் வரலாற்றை இதோடு வைத்துப் பார்க்கிறேன். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சு இயந்திரத்தைத் தூக்கிவந்து வேப்பேரியில் ஃபாப்ரிசியஸ் பாதிரியாரிடம் கொடுத்தார்கள், அதில்தான் சென்னையில் தமிழ் அச்சு ஓடத் தொடங்கியது. பத்துப் பதினோரு வருட இடைவெளியில், நடந்து போகிற தூரத்தில், ஒரு பக்கம் தமிழ் எழுத்தும் இன்னொரு பக்கம் ஆர்மீனிய எழுத்தும் தலைகீழாக அடுக்கப்பட்டுக்கொண்டிருந்தன. அந்த ஆர்மீனிய எழுத்துகளை அடுக்கியது யார் கை? மையை உருட்டியது யார்? கைப்பிடியை இழுத்தது யார்? ஷ்மாவோன்யான் கல்லறைக்கு முன்னால் கும்பிட்டேன். எங்கள் தொழிலின் பெரியவர் அவர். அவர் காலடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருபத்திரண்டு வருடம் அந்தத் தொழிலைச் செய்திருக்கிறேன்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஒன்பது மணிக்கு டீ குடிக்க வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். டீயும் பன் பட்டர் ஜாமும் கட்டணத்திலேயே சேர்ந்தது, நன்றாகவும் இருந்தது. ஆனால் பன்னிரண்டு பேருக்கு டீ வந்து சேர இருபத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. அந்த நேரத்தைக் கோயிலுக்குள் கொடுத்திருக்கலாம். டீயை நடை முடிந்தபின் வைத்துக்கொள்வது நல்லது. கழிப்பறைக்கு வழியில் ஏற்பாடு இல்லை, வயதானவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் இதை யோசித்துக்கொண்டு போங்கள். வழிகாட்டியின் இடுப்பில் தொங்கிய ஸ்பீக்கர் தெருவில் கொரகொரவென்றது, கோயிலுக்குள் அதை அணைத்துவிட்டு வெறும் குரலில் பேசியபோதுதான் நிம்மதியாகக் கேட்டது.

கையில் கொடுத்த நாலு பக்கக் குறிப்பில் தமிழ் சரியில்லை. ஒரே பக்கத்தில் ஆர்மீனியர், அர்மேனியர், ஆர்மேனியர் என்று மூன்று விதமாக இருக்கிறது. ஒற்று பல இடத்தில் விட்டுப்போயிருக்கிறது, ‘கல்லறை’ ஓரிடத்தில் ‘கல்லரை’ ஆகியிருக்கிறது. இவ்வளவு உழைத்து ஒரு நடையை நடத்துகிறவர்கள், கையில் கொடுக்கிற காகிதத்தை ஒரு முறை புரூஃப் பார்த்திருக்க வேண்டும். மக்கள் வீட்டுக்கு எடுத்துப் போவது அந்தக் காகிதத்தைத்தான். டீக்கடையிலேயே உட்கார்ந்து பேனாவால் திருத்திக் கொடுத்தேன். வழிகாட்டி முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார். நாலாம் நாள் திருத்திய பிரதி வாட்ஸாப்பில் வந்தது. எல்லாத் திருத்தமும் சரியாக ஏறியிருந்தது. குறை சொன்னால் எடுத்துக்கொள்கிறவர்கள், அதனால்தான் இங்கேயும் துணிந்து எழுதுகிறேன்.

தமிழ் நடை மாதத்தில் ஒரு முறைதான் என்பதில் எனக்கு வருத்தம். இந்தத் தெருவில் வேலை பார்க்கிறவர்கள், மூட்டை சுமக்கிறவர்கள், வாட்ச்மேன்கள், கடைப் பையன்கள், இவர்களுக்குத்தான் முதலில் இது தெரிய வேண்டும். அவர்களுக்கு 450 ரூபாய் அதிகம். மாதத்தில் ஒரு நடையைக் குறைந்த கட்டணத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

டீக்கடையில் நேரம் போனதால் ஒன்பதரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவசர அவசரமாகத் திரும்பி உள்ளே போனோம். காரணம் மணி. கோயிலை ஒட்டி மணிக்கூண்டு நிற்கிறது. அதில் ஆறு மணிகள். 21 அங்குலத்திலிருந்து 26 அங்குலம் வரை அகலம், ஒவ்வொன்றும் சுமார் 150 கிலோ. ஒரே நாளில் வந்தவை அல்ல, வெவ்வேறு காலத்தில் வார்த்தவை. இரண்டு மணிகளில் தாமஸ் மியர்ஸ், லண்டன் என்று வார்ப்பாளர் பெயர் இருக்கிறது. அது வைட்சேப்பல் மணி வார்ப்புச் சாலை, லண்டனின் பிக் பென் மணியும் பின்னால் அங்கேதான் வார்க்கப்பட்டது. அதைவிட எனக்கு முக்கியமானது இன்னொரு மணி. 1754-ஐச் சேர்ந்தது, 1808-ல் உருக்கி மறுபடி வார்த்தது. அதன்மேல் தமிழ் எழுத்து இருக்கிறது.

ஆர்மீனியர் கோயில் மணியில் தமிழ்! மேலே போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். படிக்கட்டு குறுகலான பழைய மரம், அன்றைக்கு யாரையும் ஏற விடவில்லை. வருத்தம்தான், ஆனாலும் நியாயம். அந்த மரம் அங்கே நெடுங்காலம் இருக்க வேண்டும்.

மணியில் எழுத்து வர வேண்டுமானால் அச்சில் அது தலைகீழாக, இடவலம் மாறி இருக்க வேண்டும். யாரோ ஒருவர் தமிழை அப்படி மாற்றி எழுதி, உருக்கிய உலோகம் அதில் பாய்ந்து, ஆறியபின் உடைத்தெடுத்தபோது எழுத்து நேராக வந்திருக்கும். நான் ட்ரெடில் என்கிற அச்சு இயந்திரத்தில் முதல் பிரதி எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் அந்த ஒரு நொடி நெஞ்சு அடித்துக்கொள்ளும், எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று. தவறு என்றால் திருத்தலாம். மணி வார்த்தவனுக்குத் தவறு என்றால் மறுபடி உலை மூட்ட வேண்டும்.

இங்கே வழக்கமாக வழிபட ஆர்மீனியச் சமூகம் இப்போது சென்னையில் இல்லை. கல்கத்தாவிலுள்ள ஆர்மீனியர் சபைக் குழுதான் கோயிலைப் பராமரிக்கிறது. ஆனாலும் பொறுப்பாளர் ஞாயிறுதோறும் காலை ஒன்பதரைக்கு மணி அடிக்கிறார். எங்களை முற்றத்தில் மரத்தடியில் நிற்கச் சொன்னார் வழிகாட்டி. யாரும் பேசவில்லை. முதல் அடி விழுந்ததும் மரத்திலிருந்து காக்கைகள் எழும்பின. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக. பெரிய ஊர்க் கோயில் மணி போல முழங்கவில்லை, ஆழமாக, நிறுத்தி நிறுத்தி வந்தது. காலடியில் கல்லில் கூட லேசாக அதிர்வு தெரிந்தது. செருப்பைக் கையில் பிடித்திருந்த பையன் குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தான்.

இருபத்திரண்டு வருடம் அந்தச் சந்தில் இருந்தும் இந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரஸ்ஸுக்கு விடுமுறை. முகூர்த்த மாதங்களில் ஞாயிறும் வேலை இருக்கும், ஆனால் அப்போது மூன்று ட்ரெடில் ஒரே நேரத்தில் ஓடும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. ஆறில் எது தமிழ் மணி என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. நாலாவதாக அடித்தது என்று நான் வைத்துக்கொண்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே போய்விடுங்கள். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். நடக்கிற தூரம் குறைவு, நிற்கிற நேரம்தான் அதிகம், முழங்கால் வலி உள்ளவர்கள் மடக்கு ஸ்டூல் கொண்டுபோகலாம், ஒரு அம்மா கொண்டுவந்திருந்தார். ஏழு எட்டு வயதுக்கு மேல் பிள்ளைகளைத் தாராளமாக அழைத்துப் போங்கள். நடை பத்தரைக்கு முடியும் என்று போட்டிருந்தார்கள், எங்களுக்குப் பதினொன்று ஆயிற்று. யாரும் குறைப்படவில்லை.

அடுத்த முதல் ஞாயிறுக்கு மூன்று சீட்டுப் போட்டிருக்கிறேன். எனக்கு, என் மனைவிக்கு, அப்புறம் எங்கள் பிரஸ்ஸில் ட்ரெடில் ஓட்டின நண்பருக்கு. அவர் இப்போது எர்ணாவூரில் மகனோடு இருக்கிறார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவைக்கச் சொல்லி வழிகாட்டிப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன்.